வேதியியல் வினா-விடை: 35.5 நிறையுள்ள குளோரின் அணு எங்கே இருக்கிறது?

பிளஸ் ஒன் வேதியியலின் தொடக்கத்தில் வரும் சராசரி அணு நிறை குறித்தும், கல்லூரியில் அதன் தொடர்ச்சியாக வரும், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியான நிறை நிறமாலைமானி குறித்தும் மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தேர்வுக் காலம் நெருங்குவதால் இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, வணக்கம். குளோரினின் அணு நிறை 35.5 என்று படிக்கிறோம். ஓர் அணுவில் அரை நியூட்ரான் இருக்க முடியாது என்றும் படிக்கிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும்? என்னிடம் உள்ள ஒரு நூலில் குளோரின் ஐசோடோப்புகளின் விகிதம் 77:23 என்றும், இன்னொன்றில் 3:1 என்றும் இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?
— பிளஸ் ஒன் மாணவி, மேலூர்

இரண்டும் சரிதான். 35.5 என்பது எந்த ஒரு தனி அணுவின் நிறையும் அன்று. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் 17 புரோட்டான்களோடு 18 நியூட்ரான்களைக் கொண்ட அணுக்களும், 17 புரோட்டான்களோடு 20 நியூட்ரான்களைக் கொண்ட அணுக்களும் கலந்தே இருக்கின்றன. இப்படி நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களே ஐசோடோப்புகள். சோழவந்தான் தோப்பிலிருந்து வரும் ஒரு மூட்டையில் பெரிய காயும் சிறிய காயுமாகத் தேங்காய் கலந்திருந்தால், மூட்டையின் எடையைக் காய்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எடை எதுவோ, அந்த எடையுள்ள காய் ஒன்றுகூட மூட்டைக்குள் இல்லாமல் இருக்கலாம். 35.5 என்பதும் அப்படிப்பட்ட ஒரு வகுத்தலின் விடையே. குளோரின்-35 அணுவும் குளோரின்-37 அணுவும் உண்டு, 35.5 நிறையுள்ள குளோரின் அணு உலகில் எங்கும் இல்லை.

விகிதத்தைப் பற்றிய உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. துல்லியமாக அளந்தறிந்த சதவீதங்கள் 75.77, 24.23 ஆகியவை. 3:1 என்பது இவற்றை நினைவில் வைக்க வசதியாக முழு எண்களாக்கிய வடிவம். அதைக் கொண்டு கணக்கிட்டால் 35.5 வரும். 77:23 என்று வைத்தால் 35.46 வரும். இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள்: அளந்தறிந்த 75.77, 24.23 என்ற சதவீதங்களோடு 35, 37 என்ற நிறை எண்களைப் பெருக்கினால் கிடைப்பது 35.48, ஆனால் அட்டவணையில் அச்சிடப்பட்டிருப்பது 35.45. சதவீதம் சரியாக இருந்தும் விடை ஏன் விலகுகிறது என்றால், நிறை எண் வேறு, ஐசோடோப்பின் உண்மையான நிறை வேறு என்பதால்தான். நிறை எண் என்பது புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் எண்ணிச் சொல்லும் முழு எண். உட்கரு உருவாகும்போது நிறையின் ஒரு சிறு பகுதி பிணைப்பு ஆற்றலாக வெளியேறிவிடுவதால், கார்பன்-12 அணுவைச் சரியாக 12 என்று கொண்டு அளக்கும் அளவையில் குளோரின்-35 அணுவின் நிறை 34.969 ஆகவும், குளோரின்-37 அணுவின் நிறை 36.966 ஆகவும் இருக்கின்றன. இவற்றை 0.7577, 0.2423 ஆகியவற்றால் முறையே பெருக்கிக் கூட்டினால் 35.45 பிசகாமல் வந்துவிடும்.

ஆகவே தேர்வில், வினாத்தாளில் என்ன தரவு கொடுத்திருக்கிறார்களோ அதைக்கொண்டே கணக்கிடுங்கள். நிறை எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் நிறை எண்ணையும், 34.969 போன்ற நிறையைக் கொடுத்திருந்தால் அந்த நிறையையும் பயன்படுத்த வேண்டும். மனப்பாடமாக வைத்திருக்கும் 35.5-ஐ விடையாக எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி நடுவிலுள்ள படிகளை வளைப்பது மதிப்பெண்ணையும் கெடுக்கும், புரிதலையும் கெடுக்கும்.

நிறை நிறமாலைமானியின் ஐந்து படிநிலைகளை வரிசையாக எழுத எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அணுவை ஏன் அயனியாக்க வேண்டும்? கருவிக்குள் ஏன் வெற்றிடம் வேண்டும்?
— பி.எஸ்சி. முதலாண்டு மாணவர், திருமங்கலம்

வரிசையைத் தெரிந்துகொண்டு காரணத்தைக் கேட்கிறீர்கள். பலர் வரிசையோடு நின்றுவிடுகிறார்கள். அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதே இந்தக் கருவியின் வேலை. ஒவ்வொரு படிநிலையும் இந்த எண்ணும் வேலைக்கு எப்படி உதவுகிறது என்று கேட்டுக்கொண்டால் காரணம் தானாகக் கிடைக்கும்.

முதலில் பொருளை ஆவியாக்குகிறார்கள். திண்மத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்தால்தான் அவற்றைத் தனித்தனியாகக் கையாள முடியும். அடுத்து, சூடான இழையிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களைப் பொதுவாக 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு அந்த ஆவியின் மீது மோதவிடுகிறார்கள். மோதலில் அணுவிலிருந்தோ மூலக்கூறிலிருந்தோ ஓர் எலக்ட்ரான் தட்டி வெளியேற்றப்பட்டு நேர்மின் அயனி உருவாகிறது. மின்சுமை இல்லாத அணுவை மின்புலத்தால் முடுக்கவும் முடியாது, காந்தப்புலத்தால் வளைக்கவும் முடியாது. அயனியாக்கல் என்பது அணுவுக்கு ஒரு பிடி கொடுப்பதற்காக. பிறகு மின்னழுத்தத்தின் வழியாக அயனிகளை முடுக்கும்போது, ஒரே மின்சுமை உள்ள அயனிகள் எல்லாம் ஒரே இயக்க ஆற்றலைப் பெறுகின்றன. ஆற்றல் ஒன்றாக இருக்கும்போது எடை குறைந்தது விரைவாகவும் எடை மிகுந்தது மெதுவாகவும் செல்லும். காந்தப்புலத்துக்குள் நுழைந்ததும் எடை குறைந்த அயனி அதிகமாகவும் எடை மிகுந்த அயனி குறைவாகவும் வளைகின்றன. காந்தப்புலத்தின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால், முதலில் எடை குறைந்தவையும் பின்னர் எடை மிகுந்தவையும் உணர்கருவியின் துளையில் வந்து சேரும்.

உணர்கருவியில் நடப்பதைப் பெரும்பாலோர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். உலோகத் தகட்டில் வந்து விழும் ஒவ்வொரு நேர்மின் அயனியும் தகட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டு நடுநிலையாகிறது. அப்படி இழந்த எலக்ட்ரான்களை ஈடுசெய்யக் கம்பியின் வழியாக எலக்ட்ரான்கள் ஓடி வருகின்றன. அந்த மிகச்சிறிய மின்னோட்டத்தைப் பெருக்கிப் பதிவு செய்ததே வரைபடத்தில் நாம் காணும் முகடு. ஆகவே முகடு நிற்கும் இடம் அயனியின் நிறையைச் சொல்கிறது. முகட்டின் உயரம் அந்த நிறையுள்ள அயனிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் இப்பாடத்தில் வரும் எந்தக் கணக்கையும் போட்டுவிடலாம்.

வெற்றிடம் எதற்கு என்பது இப்போது எளிது. கருவிக்குள் காற்று இருந்தால் வழியில் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளின் மீது மோதி அயனிகள் திசைமாறிவிடும். உணர்கருவியின் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி அளப்பது நிறையை அன்று, நிறை-மின்சுமை விகிதத்தை. பெரும்பாலான அயனிகளின் மின்சுமை ஒன்று என்பதால் விகிதமே நிறையாகவும் அமைந்துவிடுகிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த மக்னீசியம்-24 அயனி 24-இல் தோன்றாமல் 12-இல் தோன்றும். அதைக் கார்பன் என்று எழுதிவிடக் கூடாது. மக்னீசியம்-25 அதே போல் இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் 12.5-இல் வரும். அரை எண்ணில் ஒரு முகட்டைக் கண்டால் முதலில் இரட்டை மின்சுமையை நினையுங்கள்.

இந்தக் கருவியின் முன்னோடி ஆய்வில்தான் நிலையான தனிமத்துக்கும் ஐசோடோப்புகள் உண்டு என்பதற்கான முதல் தடயம் கிடைத்தது. 1912-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவை ஆராய்ந்தபோது 20-க்கான வளைகோட்டின் அருகில் 22-க்கான மங்கலான இன்னொரு வளைகோடு தெரிந்தது. அவரிடம் உதவியாளராக இருந்த ஆஸ்டன், போர் முடிந்த பின் 1919-இல் மேம்பட்ட கருவியை அமைத்து நியானையும் குளோரினையும் பிரித்துக் காட்டினார். 1922-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மக்னீசியத்தின் நிறை நிறமாலையில் 24, 25, 26 ஆகிய இடங்களில் முகடுகளின் உயரம் 100, 12.7, 13.9 என்று கொடுத்துச் சராசரி அணு நிறையைக் கேட்டிருந்தார்கள். எனக்கு 30.79 வந்தது. எங்கே பிழை?
— கல்லூரி மாணவி, வாடிப்பட்டி

வகுத்த எண்ணில் பிழை. நீங்கள் 100-ஆல் வகுத்திருக்கிறீர்கள். கொடுக்கப்பட்டவை சதவீதங்கள் அல்ல. மிக உயரமான முகட்டை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்ட உயரங்கள். மொத்தம் 100 + 12.7 + 13.9 = 126.6. எத்தனை அணுக்களை எண்ணினோமோ அத்தனையால்தான் வகுக்க வேண்டும். 24×100, 25×12.7, 26×13.9 ஆகியவற்றின் கூடுதல் 3078.9, அதை 126.6-ஆல் வகுத்தால் 24.32.

உங்கள் விடை பிழையென்று கணக்கைத் திரும்பப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கலாம். 24-க்கும் 26-க்கும் இடைப்பட்ட அணுக்களின் சராசரி 26-ஐத் தாண்டவே முடியாது. விடை வந்ததும் அது மிகச்சிறிய நிறைக்கும் மிகப்பெரிய நிறைக்கும் நடுவில் நிற்கிறதா, உயரமான முகட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள். தேர்வுக் கூடத்தில் இதற்குச் சில நொடிகள் போதும். சில வினாத்தாள்களில் உயரத்தை எண்ணால் தராமல் படமாகவே தருவார்கள். அப்போது அளவுகோலை வைத்து ஒவ்வொரு முகட்டையும் மில்லிமீட்டரில் அளந்து, அந்த அளவுகளையே இதே முறையில் பயன்படுத்தலாம். சதவீதமாக மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

என் மகன் பயிற்சி வகுப்பில் சராசரி அணு நிறையிலிருந்து ஐசோடோப்புகளின் சதவீதத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறான். தேர்வில் எதை எதிலிருந்து கழிப்பது என்று குழம்பிவிடுகிறான். வேறு வழி உண்டா, ஐயா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

உண்டு, அம்மா. தம்பியிடம் அந்தச் சூத்திரத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத சூத்திரம் அவசரத்தில் கைகொடுக்காது. ஒரு நேர்கோடு வரைந்தால் போதும். செம்பை எடுத்துக்கொள்வோம். கோட்டின் இடது முனையில் செம்பு-63-இன் நிறை 62.93, வலது முனையில் செம்பு-65-இன் நிறை 64.93, இரண்டுக்கும் இடையே தொலைவு 2.00. சராசரி நிறையான 63.55-ஐக் கோட்டில் குறித்தால் அது இடது முனையிலிருந்து 0.62 தள்ளி நிற்கும். எல்லா அணுக்களும் செம்பு-63 ஆக இருந்திருந்தால் சராசரி இடது முனையிலேயே நின்றிருக்கும். அதை வலப்பக்கம் நகர்த்தியது செம்பு-65-இன் பங்கு. எனவே 0.62-ஐ 2.00-ஆல் வகுத்தால் வரும் 0.31, அதாவது 31 சதவீதம், செம்பு-65. எஞ்சிய 69 சதவீதம் செம்பு-63. சராசரி எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்த ஐசோடோப்பே மிகுதியாக இருக்கும் என்பதைப் படமே சொல்லிவிடுவதால், எதை எதிலிருந்து கழிப்பது என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை.

புரோமினில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அதன் சராசரி 79.90 என்பதால் பலர் புரோமின்-80 என்ற ஐசோடோப்பே இயற்கையில் மிகுதி என்று எழுதிவிடுகிறார்கள். இயற்கைப் புரோமினில் இருப்பவை 79, 81 இரண்டும்தான். ஏறக்குறையச் சரிபாதியாக இருப்பதால் சராசரி நடுவில் வந்து நிற்கிறது.

குளோரின் வாயுவின் நிறை நிறமாலையில் ஐந்து முகடுகள் வரும் என்று ஆசிரியர் சொன்னார். இரண்டு ஐசோடோப்புகளுக்கு எப்படி ஐந்து முகடுகள்? அவற்றின் உயரம் 9:6:1 என்பது எங்கிருந்து வந்தது?
— பிளஸ் டூ மாணவர், அலங்காநல்லூர்

குளோரின் வாயு ஈரணு மூலக்கூறு. எலக்ட்ரான் மோதும்போது சில மூலக்கூறுகள் முழுதாக அயனியாகின்றன. சில பிணைப்பு உடைந்து ஒற்றை அணு அயனியைத் தருகின்றன. உடைந்தவை 35-இலும் 37-இலும் முகடுகளைத் தரும். அவற்றின் உயரம் 3:1. உடையாத மூலக்கூறில் இரண்டும் 35 என்றால் 70, ஒன்று 35 மற்றது 37 என்றால் 72, இரண்டும் 37 என்றால் 74. ஆக மொத்தம் ஐந்து.

உயரம் நிகழ்தகவுக் கணக்கு. ஒரு குளோரின் அணுவை எடுத்தால் அது 35 ஆக இருக்க வாய்ப்பு 3/4. 37 ஆக இருக்க வாய்ப்பு 1/4. இரண்டும் 35 ஆக அமைய 3/4 × 3/4 = 9/16. இரண்டும் 37 ஆக அமைய 1/4 × 1/4 = 1/16. கலந்து அமைவதை மட்டும் கவனமாகப் பாருங்கள்: முதல் அணு 35, இரண்டாவது 37 என்றும் வரலாம், முதலாவது 37, இரண்டாவது 35 என்றும் வரலாம். ஆகவே 3/16 என்பதை இருமுறை கூட்ட வேண்டும், 6/16. இந்த இரட்டிப்பை மறப்பவர்கள்தான் 9:3:1 என்று எழுதுகிறார்கள். மூன்றையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்று சரிபார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

71-இல் ஒரு முகட்டை வரைந்துவிடாதீர்கள். குளோரினின் மூலக்கூறு நிறை 71 என்பது இந்த மூன்று முகடுகளின் சராசரி; (70×9 + 72×6 + 74×1) ÷ 16 = 71. அந்த இடத்தில் நிற்க ஒரு மூலக்கூறும் இல்லை. இன்னொன்று: அணுக்களின் முகடுகளுக்கும் மூலக்கூறுகளின் முகடுகளுக்கும் இடையே உள்ள உயர விகிதத்தை இக்கணக்கால் சொல்ல முடியாது, எவ்வளவு உடைகிறது என்பது கருவியை இயக்கும் நிலைமையைப் பொறுத்தது.

இதே முறையில் புரோமின் வாயுவுக்கு 158, 160, 162 ஆகிய இடங்களில் 1:2:1 வரும். கரிமச் சேர்மத்தில் ஒரே ஒரு குளோரின் இருந்தால் மூலக்கூறு அயனி முகடும் அதைவிட 2 கூடுதலான முகடும் 3:1 ஆக இருக்கும். ஒரே ஒரு புரோமின் இருந்தால் 1:1 ஆக இருக்கும். குளோரோமீத்தேனுக்கு 50, 52. புரோமோமீத்தேனுக்கு 94, 96.

கீழடியில் கிடைத்த பொருளின் காலத்தைக் கார்பன் முறையில் கணித்ததாகப் படித்தேன். அதற்கும் இந்த நிறை நிறமாலைமானிக்கும் தொடர்பு உண்டா?
— பள்ளி ஆசிரியர், திருப்புவனம்

நேரடித் தொடர்பு உண்டு. கீழடியில் 2018-இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கார்பன் மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை அனுப்பியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளியான அறிக்கை கூறியது. அங்கே பயன்பட்ட கருவி முடுக்கி நிறை நிறமாலைமானி.

உயிருள்ள மரத்தின் கார்பனில் ஏறத்தாழ இலட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. மரம் இறந்த பின் புதிதாகச் சேர்வது நின்று, 5730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. 2600 ஆண்டுகள் கடந்த கரித்துண்டில் தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 73 சதவீதம் எஞ்சியிருக்கும். பழைய முறையில் கார்பன்-14 சிதையும்போது வெளிவரும் கதிர்வீச்சை எண்ணுவார்கள். அந்த வயதுள்ள ஒரு மில்லிகிராம் கார்பனில் ஒரு நாள் முழுவதும் காத்திருந்தாலும் ஏறக்குறைய 14 சிதைவுகளே நடக்கும். ஆனால் அதே ஒரு மில்லிகிராமில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட கார்பன்-14 அணுக்கள் சிதையாமல் காத்திருக்கின்றன. சிதையும் வரை பொறுத்திராமல் அந்த அணுக்களையே எண்ணிவிடுவதால்தான் ஒரு சிறு கரித்துணுக்கு போதுமானதாகிறது.

இதில் ஒரு பெரிய இடையூறு உண்டு. காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜன்-14-இன் நிறை 14.0031, கார்பன்-14-இன் நிறை 14.0032. காந்தப்புலத்தால் இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரிப்பது மிகக் கடினம். இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி அழகானது: இந்தக் கருவியில் தொடக்கத்தில் நேர்மின் அயனிக்குப் பதிலாக எதிர்மின் அயனியை உருவாக்குகிறார்கள். கார்பன் எதிர்மின் அயனியாக நிலைத்து நிற்கும், நைட்ரஜன் நிலைக்காது. நைட்ரஜன் தொல்லை வாசலிலேயே நீங்கிவிடுகிறது. கார்பன்-12 அணுவோடு இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்தாலும் நிறை 14 வருமே என்று கேட்கலாம். அதற்காகத்தான் பெரும் மின்னழுத்தத்தில் முடுக்கி, மெல்லிய படலம் அல்லது வாயுவின் வழியாகச் செலுத்திப் பல எலக்ட்ரான்களை உரித்துவிடுகிறார்கள். அந்நிலையில் அப்படிப்பட்ட மூலக்கூறுகள் சிதறிவிடும். உங்கள் மாணவர்களைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, சராசரி அணு நிறைப் பாடத்தை முடித்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பென்சீனின் நிறமாலையில் 78-க்கு அடுத்து 79-இல் ஒரு சிறு முகடு இருக்கிறதே, அது மாசா?
— முதுகலை மாணவி, மதுரை

மாசு அன்று, கார்பன்-13. இயற்கைக் கார்பனில் அதன் பங்கு ஏறத்தாழ 1.1 சதவீதம். பென்சீனில் ஆறு கார்பன்கள் இருப்பதால், அவற்றுள் ஏதேனும் ஒன்று கார்பன்-13 ஆக அமையும் வாய்ப்பு ஆறு மடங்காகி, 79-இன் உயரம் 78-இன் உயரத்தில் சுமார் 6.6 சதவீதமாக இருக்கும். முன்பின் தெரியாத ஒரு சேர்மத்தில் இந்த விகிதம் 11 சதவீதம் என்று கண்டால் அதில் பத்துக் கார்பன்கள் இருக்கலாம் என்று மதிப்பிடலாம். நைட்ரஜன், கந்தகம் போன்றவையும் அந்த முகட்டில் சிறிதளவு சேர்க்கும் என்பதால், கார்பன் எண்ணிக்கையை முடிவாக எழுதும் முன் அவை சேர்மத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.